கால்மிதிதான் அதுக்கு பாத்ரூம்! – வீட்டு நாய்க்குட்டி கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்டுக்குள்ள குட்டி நாய் வளர்க்கறவங்க என்ன சந்தேகம்னாலும் எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன், வந்ததுல பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம், உச்சா. மீதி கக்கா. சரி இந்த தடவ அதையே எடுத்துக்கலாம்னு உக்காந்துட்டேன், சாப்பிட்டுகிட்டே படிக்கறவங்க கை கழுவிட்டு அப்பறமா வாங்க. முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைல ஒரு ஒடுக்கமான நீள வீட்டுல இருபது வருஷமா நாய் வளர்க்கறவ, இதுவரைக்கும் மூணு. மூணும் எங்க ஹாலை நாசம் பண்ணித்தான் எனக்கு பாடம் சொல்லிக் குடுத்துச்சு.

அக்கா, நாங்க முதலியார்பேட்டைல மாடில வாடகைக்கு இருக்கோம். ரெண்டரை மாச ஷிட்சு குட்டி, வந்து மூணு வாரம் ஆகுது. நாய் உச்சா போறதுக்குன்னு கடைல விக்கற பேட் வாங்கி பால்கனில விரிச்சு வெச்சிருக்கோம், அதுல ஒரு தடவ போனா கால்மிதில நாலு தடவ போகுது. வீட்டுக்காரர் மூக்க புடிச்சு அதுல தேய்ச்சாத்தான் புத்தி வரும்ங்கறாரு. கீழ வீட்டு ஓனரம்மா வேற வாசனை வருதுன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

முதல்ல வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, மூக்க தேய்ச்சா புத்தி வரும், ஆனா என்ன புத்தி வரும்னா "இவர் இருக்கும்போது போகக் கூடாது, சோபாவுக்கு பின்னாடி போய் போகணும்"ங்கற புத்தி. அப்பறம் நீங்க அத பால்கனிக்கு தூக்கிட்டு போய் நின்னாலும் உங்க எதிர்ல போகாது, அடக்கி வெச்சிருந்து உள்ள வந்து கட்டிலுக்கு அடில போகும். எங்க முதல் நாய்க்கு நான் பண்ணின தப்பு இதேதான், அத சரி பண்ண எனக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு.

"இல்லக்கா, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது, மூஞ்ச தொங்கப் போட்டுக்குது"ன்னு சொல்வீங்க. எல்லாரும் சொல்றதுதான். அமெரிக்காவுல அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ்னு நாய்ங்க மனச ஆராய்ச்சி பண்றவங்க 2009-ல ஒரு சோதனை பண்ணி வெளியிட்டாங்க, தின்பண்டத்த தொடாதன்னு நாய்கிட்ட சொல்லிட்டு ஓனர் வெளிய போயிடணும், திரும்பி வந்ததும் அது தின்னுடுச்சுன்னு சில பேருக்கு பொய் சொல்லி திட்ட வெச்சாங்க. பாத்தா தின்ன நாய் தின்னாத நாய்னு வித்தியாசமே இல்ல, திட்டு வாங்கினதெல்லாம் மூஞ்ச தொங்கப் போடுது, அதுலயும் தின்னாம சமத்தா இருந்து திட்டு வாங்கினதுங்கதான் அதிகமா தொங்கப் போட்டுச்சு. அதனால அந்த மூஞ்சி குத்த உணர்ச்சி இல்ல, உங்க குரலப் பாத்து வர்ற பயம்.

இப்போ கால்மிதிக்கு வர்றேன், உங்க லெட்டர்ல விடை அங்கயேதான் இருக்கு. நீங்க வாங்கின பேட் எப்பிடி இருக்கும்? மெத்துனு, துணி மாதிரி, ஈரத்த உறிஞ்சற மாதிரி. கால்மிதி எப்பிடி இருக்கும்? அதே மாதிரி. குட்டிங்க எந்த எடத்துல போகணும்னு கண்ணால கத்துக்கறத விட காலால கத்துக்குதுங்க, காலுக்கு அடில என்ன தட்டுப்படுதோ அதுதான் பாத்ரூம். நீங்க காசு குடுத்து வாங்கி "இதுல போ"ன்னு சொன்னது பேட்ட இல்ல, மெத்துனு இருக்கற எல்லாத்தையும். அது சரியாத்தான் கத்துக்கிட்டு இருக்கு பாவம், கால்மிதி, பாய், நாளைக்கு நீங்க கழட்டிப் போட்ட நைட்டி, எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்.

அதனால இன்னைக்கே வீட்டுல இருக்கற கால்மிதி அத்தனையும் சுருட்டி பரண்ல போடுங்க, ரெண்டு மாசம் காலத் தரைல தேய்ச்சுட்டு உள்ள வந்தா ஒண்ணும் குறைஞ்சிடாது. பேட்டுக்கு பதிலா பால்கனில அகலமான பிளாஸ்டிக் டிரே ஒண்ணு வெச்சு ஆத்து மணல் ரெண்டு விரக்கடை அளவு போடுங்க, இல்ல நர்சரில விக்கற கொரியன் புல்லு ஒரு துண்டு வாங்கி வெச்சாலும் சரி. வீட்டுக்குள்ள வேற எங்கயும் இல்லாத தரையா இருக்கணும், அதான் விஷயம். நாளைக்கு ரோட்டுக்கு கூட்டிட்டு போனாலும் அங்கயும் மண்ணும் புல்லும்தான இருக்கும், அதுக்கு புதுசா கத்துக்க வேண்டி இருக்காது. வாசனைக்காக அது போன உச்சாவுல நனைஞ்ச டிஷ்யூ ஒரு துண்டு மணல் மேல வைங்க, மணல ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துங்க, ஓனரம்மா வாய அடைக்கறதுக்கும் அதான் வழி.

அடுத்தது நேரம். ரெண்டு மாசக் குட்டி பகல்ல அதிகபட்சம் ரெண்டு மூணு மணி நேரம்தான் அடக்கும், மாச வயசோட ஒண்ண கூட்டினா அத்தனை மணி நேரம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, ஆனா ஷிட்சு மாதிரி கையளவு குட்டிக்கு அதுவும் கொஞ்சம் ஜாஸ்தி, உச்சாப் பை சின்னது. அதனால முழிச்சிருக்கற நேரத்துல மணிக்கு ஒரு தடவ தூக்கிட்டு போய் டிரேல விடுங்க, அது போக தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு கால் மணி நேரத்துல, விளையாடி முடிச்ச உடனே. இந்த மூணையும் விடவே கூடாது. தூங்கி எழுந்தத பாத்துட்டு "இரு பால அடுப்புலேர்ந்து எறக்கிட்டு வர்றேன்"னு போனீங்கன்னா வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

மிச்ச நேரத்துல அதுவே சொல்லும், நாமதான் கவனிக்கறதில்ல. விளையாடிட்டே இருந்தது திடீர்னு பொம்மைய போட்டுடும், மூக்க தரையோட ஒட்ட வெச்சுகிட்டு கொஞ்ச தூரம் போகும், திரும்பும், ஒரே எடத்துல ரெண்டு சுத்து சுத்தும், அப்பறம் பின்னங்கால் லேசா மடியும். அந்த ரெண்டு சுத்துக்கும் கால் மடியறதுக்கும் நடுவுல உங்களுக்கு மூணு நாலு செகண்டுதான், கத்தாம லபக்குனு தூக்கிட்டு ஓடுங்க. டிரேல போய் முடிச்சதும் அந்த நிமிஷமே, அங்கயே, சின்னதா ஒரு துண்டு ஏதாவது குடுத்து கொஞ்சுங்க. உள்ள வந்து பிரிட்ஜ தொறந்து எடுத்துக் குடுத்தா பிரிட்ஜு கிட்ட வந்ததுக்கு குடுத்தாங்கன்னு நெனச்சுக்கும்.

நான் ஒண்ணு பண்ணினேன், தினசரி காலண்டர்ல கிழிக்கற தாளு இருக்குல்ல, அதோட பின்பக்கத்துல எங்க குட்டி எத்தன மணிக்கு சாப்பிட்டுச்சு எத்தன மணிக்கு போச்சுன்னு கிறுக்கி வெச்சேன். அஞ்சாறு நாள் தாள வரிசையா வெச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, காலைல ஆறேகால், ஏழு, எட்டரைன்னு ரயில் டைம்டேபிள் மாதிரி போயிட்டு இருந்திருக்கு, விபத்தெல்லாம் எட்டரைக்கும் பத்துக்கும் நடுவுலதான், அதாவது நான் சமையல்கட்டுல இருக்கற நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் அத என் இடுப்புல ஒரு கயித்தால கட்டிகிட்டேன், நான் போற எடமெல்லாம் அதுவும். பத்து நாள்ல பாதிக்கு மேல கொறைஞ்சுடுச்சு. அடுப்புகிட்ட போறப்ப மட்டும் கயித்த அவுத்து கூடைக்குள்ள விட்டுட்டு போங்க, எண்ணெய் தெறிக்கும்.

ரோட்டுக்கு மட்டும் இப்போ எறக்காதீங்க. தடுப்பூசி 6-லேர்ந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் போகும், வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல. இது முடியறதுக்குள்ள தெருமண்ணுல விட்டா பார்வோங்கற வைரஸ் நோய் வரலாம், அந்த கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், ரத்த ரத்தமா பேதி போய் ரெண்டு மூணு நாள்ல குட்டி செத்தே போயிடலாம். மாடி வீடா இருக்கறது இந்த விஷயத்துல உங்களுக்கு நல்லதுதான். செருப்ப மட்டும் வாசலோட விடுங்க. அப்பறம் ஷிட்சுக்கு பின்பக்கம் முடிய ஒட்ட வெட்டி விடுங்க, நனைஞ்ச முடியோட வீடு பூரா சுத்தினா ஓனரம்மா மேல தப்பு சொல்ல முடியாது.

பால் குடுக்கலாமா? எத்தன வேள சாப்பாடு? எங்க குட்டி எப்பப் பாத்தாலும் போயிட்டே இருக்கு. – நெல்லிக்குப்பம் வாசகர்

எப்பப் பாத்தாலும் போகுதுன்னா எப்பப் பாத்தாலும் தட்டுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். மூணு மாசம் வரைக்கும் நாலு வேள, ஆறு மாசம் வரைக்கும் மூணு வேள, அப்பறம் ரெண்டு, வெச்சு கால் மணி நேரத்துல தட்ட எடுத்துடுங்க. உள்ள போறது நேரத்துக்கு போனா வெளிய வர்றதும் நேரத்துக்கு வரும். மாட்டுப்பால் நெறைய குட்டிக்கு செரிக்காது, தண்ணியா போகும், தண்ணியா போறத எந்த நாயாலயும் அடக்க முடியாது. தயிர் சாதம் கொஞ்சம் தாங்கும். வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு சாதம் வேண்டவே வேண்டாம், அது ரத்தத்தையே கெடுக்கும். தண்ணிய மட்டும் எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது பாவம்.

மஞ்சக்குப்பத்துல எங்களுது பழைய வீடு, செவப்பு சிமெண்ட் தரை. பினாயில் ஊத்தி ஊத்தி தொடைக்கறேன், திரும்பத் திரும்ப அதே மூலைல போகுது. ப்ளீச்சிங் பவுடர் போடலாமான்னு பாக்கறேன் அக்கா.

போடாதீங்கம்மா. உச்சால இருக்கற யூரியா கொஞ்ச நேரத்துல அமோனியாவா மாறும், அந்த காட்டம்தான் மூக்குல ஏறுது, அது மேல ப்ளீச்சிங் பவுடர் கொட்டினா ரெண்டும் சேர்ந்து கண்ணு எரியற புகை வரும், குட்டிக்கும் ஆகாது ஆஸ்துமா இருக்கற பெரியவங்களுக்கும் ஆகாது. பினாயில் நம்ம மூக்குக்குத்தான் மறைக்குது, நாய் மூக்கு அதுக்கு அடில இருக்கற பழைய வாசனைய கண்டுபிடிச்சுடும். தொடைச்ச தரைல படுத்து கால நக்கினா வயித்துக்குள்ள போறதும் அந்த பினாயில்தான்.

சிமெண்ட் தரை உறிஞ்சும், அதான் உங்களுக்கு பிரச்சனை. புதுசா போயிருந்தா மொதல்ல பழைய துணிய போட்டு மேல ஏறி நின்னு ஒத்தி எடுங்க, தேய்ச்சா பரவும். அப்பறம் என்சைம் சேர்த்த சலவைப் பவுடர், பாக்கெட் பின்னாடி என்சைம்னு போட்டிருக்கும், ஒரு பங்குக்கு பத்து பங்கு வெதுவெதுப்பான தண்ணி கலந்து ஊத்தி கால் மணி நேரம் ஊற விடுங்க. ஊறணும், அதான் முக்கியம், ஊத்தின கையோட மாப் போட்டா பிரயோஜனம் இல்ல. அப்பறம் நல்ல தண்ணில ரெண்டு தடவ கழுவி, காஞ்சதும் ஆப்ப சோடா தூவி ராத்திரி பூரா விட்டு காலைல பெருக்கிடுங்க. இத ரெண்டு மூணு தடவ செய்ய வேண்டி இருக்கும். இன்னொரு தந்திரம், அந்த மூலைலயே அதோட சாப்பாட்டு தட்ட கொண்டு போய் வைங்க, சாப்பிடற எடத்துல போறதுக்கு பெரும்பாலும் அதுங்களுக்கே மனசு வராது.

திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து எழுதறேன். கடைல வாங்கின பொமரேனியன், ஒன்றரை மாசம்னு சொன்னாங்க. கூண்டுல போட்டா அடக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, எங்களுது படுக்கற துணிலயே போயிட்டு அது மேலயே படுத்துக்குது. இது லூசா?

லூசு இல்ல, அது வளர்ந்த வெதம் அப்பிடி. தாய்கிட்ட இருக்கற குட்டி மூணு நாலு வாரத்துலயே படுக்கைய விட்டு நாலடி தள்ளிப் போய் போகக் கத்துக்கும், தாயும் சுத்தம் பண்ணும். கடைல கம்பிக் கூண்டுல அஞ்சாறு குட்டிய ஒண்ணா அடைச்சு வெச்சிருந்தா தள்ளிப் போக எடம் ஏது, போனதுலயே படுக்க வேண்டியதுதான், நாளாக நாளாக அந்த அசிங்கப்படற குணமே செத்துடும். எங்க ரெண்டாவது நாயும் இப்பிடி ஒரு கடைலேர்ந்து வந்ததுதான், ரெண்டு மாசம்னு சத்தியம் பண்ணி குடுத்தாங்க, டாக்டர் பல்ல பாத்துட்டு அஞ்சு வாரம் கூட இருக்காதுன்னாரு. எட்டு வாரத்துக்கு கொறைஞ்ச குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017-லயே சட்ட விதி போட்டாச்சு, கேக்கத்தான் ஆள் இல்ல.

உங்க குட்டிக்கு கூண்டு இப்போதைக்கு வேலைக்காகாது. துணிய எடுத்துடுங்க, வெறும் தரைல ஒரு தடுப்பு கட்டி ஒரு ஓரம் படுக்க, எதிர் ஓரம் மண் டிரே, நடுவுல நாலடி இடைவெளி. துணில போய் பழகினதால மொதல்ல டிரே மேல ஒரு கோணித்துண்டு போடுங்க, அதுல போக ஆரம்பிச்சதும் நாலு நாளைக்கு ஒரு தடவ கோணிய கொஞ்சம் கொஞ்சமா கிழிச்சு சின்னதாக்கிட்டே வாங்க, கடைசில மண்ணு மட்டும் இருக்கும். எனக்கு இதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. உடம்பு நனைஞ்சிருந்தா உடனே தொடைச்சு விடுங்க, சுத்தமா இருக்கறது எப்பிடி இருக்கும்னு அதுக்கு இப்பத்தான தெரிய வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவ அலாரம் வெச்சு எழுந்து தூக்கிட்டு போங்க, கைக்கொழந்தைக்கு எழுந்திருக்கோம்ல.

எங்க ஸ்பிட்ஸ் பையனுக்கு ஒண்ணரை வயசு, எல்லாம் ஒழுங்கா வெளியத்தான் போவான், ஆனா கேஸ் சிலிண்டர் மேல மட்டும் கால தூக்கறான்! புது சிலிண்டர் வந்த அன்னைக்கு கண்டிப்பா. – ரெட்டியார்பாளையம்

இந்த லெட்டர படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சிரிச்சேன். புது சிலிண்டர் எங்கேர்ந்து வருது? குடோன்லேர்ந்து வண்டில ஏறி, நாலு தெரு முக்குல எறக்கி வெச்சு, உருட்டி உங்க வீட்டுக்கு வருது, வழில எத்தன தெருநாய் அதுல கையெழுத்து போட்டிருக்குமோ. உங்க பையன் மோந்து பாத்துட்டு "யார்ரா நீ, இது என் வீடு"ன்னு பதில் கையெழுத்து போடறான். இது அடக்க முடியாம போறது இல்ல, எடம் புடிக்கற வேல, அதனாலதான் நாலே சொட்டு, செங்குத்தா நிக்கற பொருள் மேல. வெளிய கூட்டிட்டு போறத அதிகமாக்கினாலும் நிக்காது.

சிலிண்டர் வந்ததும் சமையல்கட்டுக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி வாசல்லயே சோப்புத்தண்ணில துணிய நனைச்சு பிழிஞ்சு சுத்தி தொடைச்சுடுங்க, மேல வால்வு பக்கம் தண்ணி படாம. இதே மாதிரி வெளிலேர்ந்து வர்ற பை, செகண்ட் ஹேண்ட் நாற்காலி, விருந்தாளி சூட்கேஸ் எதுன்னாலும் மொதல் நாள் கண்ணு வெச்சுக்குங்க. கருத்தடை ஆபரேஷன் பண்ணினா நெறைய ஆண் நாய்ங்களுக்கு இது கொறையும், பழக்கம் ஊறிப் போறதுக்குள்ள பண்ணிட்டா இன்னும் நல்லது, ஆனா ஆபரேஷன் பண்ணின மறுநாளே நின்னுடும்னு எதிர்பாக்காதீங்க, ஹார்மோன் எறங்க சில வாரம் ஆகும். உங்களுக்கு குரும்பாபேட் பக்கந்தான, அங்க ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க.

மழைன்னா என் டாக்ஸண்ட் வாசப்படிய தாண்ட மாட்டேங்குது அக்கா. ஐப்பசி கார்த்திகைல என்ன பண்றதுன்னே தெரியல. – தேவனாம்பட்டினம், கடலூர்

அதோட எடத்துலேர்ந்து யோசிச்சு பாருங்க, கால் நாலு விரக்கடை, வயிறு தரையோட தரையா. நமக்கு பாதம் நனையற தண்ணி அதுக்கு வயிறு முட்டும். யாருக்குத்தான் அப்பிடி நின்னுகிட்டு போக வரும்?

எனக்கு இந்த பாடம் 2024 நவம்பர் 30-ல கெடச்சுது, ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிகிட்ட வந்து நகராம நின்னுடுச்சே அந்த ராத்திரி. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல ஊத்துச்சு. கரண்ட் இல்ல, தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, எங்க மூணாவது நாய், ஒம்போது வருஷமா வெளிய மட்டுமே போய் பழகினவ, உள்ள போகவே மாட்டா. சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து மறுநாள் காலைல பதினோரு மணி வரைக்கும் அடக்கிட்டா. கதவுகிட்ட போறது, மெழுகுவத்தி வெளிச்சத்துல என் மூஞ்ச பாக்கறது, திரும்பி வந்து நடுங்கிகிட்டு உக்கார்றது. கொல்லைல செடி வெச்சிருந்த தொட்டிய உள்ள தூக்கிட்டு வந்து மண்ண ஹால்ல கொட்டி பரப்பினேன், மோந்து பாத்தா, என்ன ஒரு மாதிரி பாத்தா, அப்பறம்தான் போனா. எவ்ளோ நேரம் போனான்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அவ்ளோ சமத்தா பழக்கி வெச்சிருக்கேன்னு எனக்கு ஒரு கர்வம் இருந்துச்சு அதுவரைக்கும்.

அதனால வெளிய போற நாய்க்கும் வீட்டுல ஒரு மழைக்கால எடம் பழக்கி வெச்சுடணும், அதுவும் புரட்டாசியிலயே. சிமெண்ட் சட்டில மணல் போட்டு வராண்டாலயோ படிக்கு அடிலயோ, நனையாத எடத்துல. தினம் காலைல மொத நடைக்கு அங்க நிறுத்திட்டு, அது போனதுக்கு அப்பறம்தான் ரோடு. "போ போ"ன்னோ "சீக்கிரம்"னோ ஏதாவது ஒரே வார்த்தைய அது போற நேரத்துல மட்டும் சொல்லிட்டே வந்தீங்கன்னா கொஞ்ச நாள்ல அந்த வார்த்தைக்கே போகும், மழைல குடை புடிச்சுகிட்டு நிக்கறப்போ அதோட அருமை தெரியும்.

தேங்கின தண்ணில நடக்க விடாதீங்க, குடிக்கவும் விடாதீங்க. எலி உச்சா கலந்த தண்ணிலேர்ந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதுலேர்ந்து நமக்கும் வரும், உங்க பக்கம் ஆத்துத்தண்ணி ஏறினா தெரியாதா. இதுக்கு தடுப்பூசி இருக்கு, வருஷா வருஷம் போடணும், மழைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு போட்டுக்குங்க. வெளிய போய்ட்டு வந்தா விரல் சந்துல தொடைச்சு விடுங்க.

அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்தா போதும், பப்பு ஓடிப்போய் அவர் கால்கிட்ட படுத்துகிட்டு உச்சா போயிடுது. தெனமும் அப்பா ஷூ நனையுது. – +2 மாணவி, வில்லியனூர்

சந்தோஷத்துலயும் பயத்துலயும் வர்றதும்மா அது, "நீங்கதான் பெரியவர், நான் சின்னப் பையன்"னு சொல்ற மாதிரி. திட்டினா இன்னும் ஜாஸ்தியா போகும். அப்பாவ ஒரு வாரம் வந்ததும் அத கண்டுக்காம நேரா உள்ள போகச் சொல்லு, ஷூவ கழட்டி, மூஞ்சி கழுவி, டீ குடிச்சு, அப்பறமா பக்கவாட்டுல உக்காந்து கழுத்துக்கு அடில தடவச் சொல்லு, மேலேர்ந்து குனிஞ்சு தலைய தட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள தானா நின்னுடும். அப்பாவால கண்டுக்காம போக முடியாதுன்னு எனக்குத் தெரியும், எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு.

லாஸ்பேட்டைல ஃபிளாட். அசோசியேஷன்ல நாயே வளர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் போடப் போறாங்களாம். நம்ம குட்டி லிஃப்ட்ல ஒரு தடவ போயிடுச்சு, அதான் காரணம்.

இந்திய பிராணிகள் நல வாரியம் 2015-ல ஒரு வழிகாட்டுதல் குடுத்திருக்கு, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னும் சொல்ல முடியாதுன்னு. அதே பேப்பர்ல வளர்க்கறவங்க எடத்த அசிங்கம் பண்ணாம பாத்துக்கணும்னும் இருக்கு, அதையும் சேர்த்து படிச்சுட்டு மீட்டிங்குக்கு போங்க. லிஃப்ட்ல கைல தூக்கிக்குங்க, தூக்கி வெச்சிருந்தா பெரும்பாலும் போகாது. பைல எப்பவும் பழைய பேப்பர் நாலு துண்டு. பீச் ரோட்டுல சாயங்காலம் வண்டி விடாத நேரத்துல எத்தன பேர் நாய கூட்டிட்டு வர்றாங்க, அள்ளறவங்க எத்தன பேர்னு பாத்தா எனக்கே அசோசியேஷன்காரங்க பக்கம் போயிடலாம்னு தோணும்.

எங்க வீட்டு ரோஸிக்கு 11 வயசு. இத்தன வருஷமா ஒரு தப்பு பண்ணினதில்ல, இப்போ ரெண்டு வாரமா தூங்கற எடமெல்லாம் ஈரம். தண்ணியும் நெறைய குடிக்குது. மாமியார் தண்ணிய கொறைக்க சொல்றாங்க. திரும்ப மொதல்லேர்ந்து பழக்கணுமா? – சிதம்பரம் ரோடு, கடலூர்

பழக்க வேண்டாம். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, இத படிக்கறப்பவே கெளம்பினாலும் சரி. ஒழுங்கா இருந்த நாய் வயசான காலத்துல திடீர்னு போனா அது பழக்கம் இல்ல உடம்பு. தண்ணி ஜாஸ்தி குடிச்சு ஜாஸ்தி போறது சுகரா இருக்கலாம், கிட்னியா இருக்கலாம், உச்சாவுல கிருமியா இருக்கலாம். ரோஸிக்கு கருத்தடை பண்ணலன்னா இன்னும் பயம், ஹீட், அதாவது இணை சேர்ற பருவம், முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல கர்ப்பப்பைல சீழ் புடிக்கலாம், தண்ணியா குடிக்கும், சாப்பாடு வேண்டாம்னு சொல்லும், சில சமயம் பின்னாடி சீழ் வடியும், சில சமயம் ஒண்ணுமே வெளிய தெரியாது. அது விட்டா உயிருக்கே ஆபத்து, அன்னைக்கே ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். கருத்தடை பண்ணினதா இருந்து தூக்கத்துல மட்டும் கசியுதுன்னா வேற, அதுக்கு மாத்திரை இருக்கு, நல்லா கேக்கும்.

காலைல மொத உச்சாவ ஒரு சுத்தமான கிண்ணத்துல புடிச்சு சின்ன பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டு போங்க, ரோஸி குனியறப்போ பின்னாடிலேர்ந்து தட்டையான கிண்ணத்த தள்ளினா போதும். ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு அளந்து எழுதிட்டு போங்க, டாக்டருக்கு ரொம்ப உபயோகம். மாமியார்கிட்ட பொறுமையா சொல்லுங்க, தண்ணிய கொறைச்சா உச்சா கொறையாது, உடம்புதான் காயும். என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.

குட்டி எத்தன நாள்ல பழகும்? ஒரு வாரத்துல பழக்கிடலாம்னு வீடியோல சொல்றாங்களே? – நெல்லித்தோப்பு

ஒரு வாரத்துல பழகறது வீடியோ எடுக்கறவர் வீட்டுக் குட்டி. நம்ம வீட்டுது நாலுலேர்ந்து ஆறு மாச வயசுல பாதி தேறும், சின்ன ஜாதி நாய்ங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் கூட இழுக்கும். நடுவுல ஆறேழு மாசத்துல எல்லாத்தையும் மறந்துட்ட மாதிரி ஒரு பதினஞ்சு நாள் ஆடும், தீபாவளி வெடிக்கு அப்பறமும் ஆடும், திரும்ப மணிக்கு ஒரு தடவ கூட்டிட்டு போக ஆரம்பிச்சா சரியாயிடும்.

கதவுல மணி கட்டி விட்டா அதுவே அடிச்சு கூப்பிடும்ங்கறாங்க, நெஜமா? – கோட்டக்குப்பம்

நெஜம்தான். அதோட மூக்கு எட்டற உயரத்துல கட்டி, ஒவ்வொரு தடவ வெளிய கூட்டிட்டு போறப்பவும் கால புடிச்சு அதுல ஒரு தட்டு தட்ட வெச்சுட்டு உடனே கதவ தொறங்க, ரெண்டு மூணு வாரத்துல புரிஞ்சுக்கும். நான் பழைய மாட்டு சலங்கை ஒண்ணு கட்டினேன். எங்க மூணாவது நாய் இருக்காளே, அவ உச்சாவுக்கு அடிச்சா, சரி. அப்பறம் மீன்காரம்மா குரல் கேட்டா அடிச்சா, மதில் மேல காக்கா உக்காந்தா அடிச்சா, ஒரு நாள் மத்தியானம் நான் கண்ணசந்த நேரத்துல எட்டு தடவ. இப்போ சலங்கைய கழட்டி பரண்ல கால்மிதிங்களோட போட்டாச்சு, அவ கதவுகிட்ட போய் உக்காந்து பெருமூச்சு விடறா, அது போதும் எனக்கு.